கதவு சாத்தும் முன்

கார்க் கதவைச் சாத்தியது அவளுடைய கைதான். அதில் யாருக்கும் ஐயமில்லை. அண்ணனின் இடது கை மோதிர விரல் அந்தக் கதவில் அகப்பட்டு எலும்பு முறிந்ததும் உண்மை. ஆகவே மருத்துவமனை அறைக்குள் நுழைந்த தங்கை, அவன் முகத்தைப் பார்க்கத் துணியாமல் கட்டிலின் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அக்கா வயலின், அண்ணன் பியானோ, தங்கை செல்லோ. வெளிநாட்டுப் போட்டியொன்றில் மூவரும் முதற்பரிசு பெற்ற பின், நாடு நாடாகச் சென்று வாசிக்கும் வாய்ப்பு இப்போதுதான் கனிந்து வந்திருந்தது. அடுத்த வாரம் புறப்பட வேண்டும்.

பியானோ வாசிக்கும் கைகள் என்பதால் அவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. அண்ணன் எந்தக் கதவையும் தொடக்கூடாது. காரிலிருந்து அவன் இறங்கியதும் தங்கை "கை?" என்பாள், அவன் இரு கைகளையும் தூக்கி "மேல" என்பான், அதன் பிறகே அவள் கதவைச் சாத்துவாள். போலீசிடம் பிடிபட்ட திருடனைப் போல் நிற்கிறான் என்று அக்கா கேலி செய்வாள். பழகிப்போனதால் தங்கை இப்போதெல்லாம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. குரல் வந்தால் போதும்.

அன்று ஒத்திகைக்குப் போய் இறங்கியபோது அவள் முதுகில் செல்லோப் பெட்டி கனத்தது. விமானத்தில் செல்லோவுக்கும் ஓர் இருக்கை வேண்டுமென்று அக்கா தொலைபேசியில் மன்றாடிக்கொண்டிருந்தாள். அந்தப் பரபரப்பில் தான் கேட்டாளா, கேட்கவில்லையா என்பதே தங்கைக்கு நினைவில்லை. கதவு சாத்திய ஓசையும் அண்ணனின் அலறலும் மட்டுமே காதில் மிஞ்சியிருந்தன. கேட்டிருந்தால் இப்படி நேர்ந்திருக்காது. ஆகவே கேட்கவில்லை என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டாள்.

கட்டு மாற்ற வந்த செவிலியர் அவளைத் தேற்ற முயன்றார். "நல்லவேளை, மோதிரம் சட்டைப் பையில இருந்துச்சு. விரல்ல இருந்திருந்தா வெட்டித்தான் எடுத்திருக்கணும்."

அது அம்மா போட்ட மோதிரம். மேடையேறும் நேரம் தவிர, ஒத்திகையில்கூட அவன் அதைக் கழற்றியதில்லை. கடவுளாகப் பார்த்துக் கழற்ற வைத்தார் என்று தங்கை மனத்துக்குள் நன்றி சொன்னாள்.

இவ்வளவு நிம்மதியாகத் தூங்கும் நோயாளியைத் தாம் பார்த்ததே இல்லை என்று சிரித்துவிட்டுச் செவிலியர் போனார். போட்டிக் காலம் முழுவதும் அவன் கண்ணயர்ந்ததில்லை. மேடையேறும் முன் கழிவறையே கதியென்று கிடப்பான். அதெல்லாம் வாசிக்க வாசிக்கச் சரியாகிவிடும் என்று அக்கா அவன் வாயை அடைத்துவிடுவாள்.

அந்த அக்கா இப்போதும் சும்மா இருக்கவில்லை. அண்ணனுக்குப் பதிலாக வேறொரு பியானோக் கலைஞரைத் தேடிப் பிடித்துவிட்டாள், பயணம் நிற்காது. அதை அண்ணனிடம் பக்குவமாகச் சொல்லிவிட்டு, நீயாவது இவளுக்குப் புத்தி சொல் என்று முறையிட்டுவிட்டு, மருத்துவரைப் பார்க்கப் போனாள்.

"என்னடி, என்ன அடம்?" என்றான் அண்ணன்.

"நான் போகலண்ணா. உன் இடத்துல இன்னொருத்தர் உக்காந்து வாசிக்க, பக்கத்துல நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வாசிக்கிறது? செல்லோவையும் யாருக்காவது குடுத்துடப்போறேன்."

"ஐயோ பாவம். இப்பதான் அதுக்கு ஜன்னலோர சீட்டு கெடச்சுதாம்."

அவள் சிரிக்கவில்லை. கண்கள் நிறைந்து வழிந்தன.

விரல் கூடிவிடும் என்று மருத்துவரே சொல்லிவிட்டதை அவன் நினைவூட்டினான். அவளை அது ஆற்றவில்லை. "ஒரே ஒரு வார்த்தை. அதக் கேக்கத் துப்பில்லாதவளுக்கு செல்லோ ஒரு கேடா? இனிமே அதத் தொடமாட்டேன். இது சத்தியம்."

அண்ணனின் முகத்திலிருந்த சிரிப்பு வடிந்தது. அறை வாசலை ஒருமுறை பார்த்தான். அக்கா இன்னும் திரும்பவில்லை. கட்டில்லாத கையால் தங்கையின் கையைப் பற்றி அருகே இழுத்தான்.

"அக்காகிட்ட சொல்லிடாத, குட்டி. நீ கேட்ட. 'மேல'ன்னு சொல்லிட்டுத்தான் நான் கதவுல கைய வெச்சேன்."