அப்பா குரலில் ஒரு போன்

"ஏட்டி, ஜாவாஸ்கிரிப்டும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். எக்செல்தான்!"

அப்பா போட்ட சத்தத்தில் எங்கள் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

மூணாறு கம்ப்யூட்டர் சென்டரில் இலவசப் பயிற்சி. இரண்டு வகுப்பு, ஒன்றில்தான் சேரலாம். ஒன்று, வெப்சைட் எழுதுகிற ஜாவாஸ்கிரிப்ட். இன்னொன்று, வரவு செலவுக் கணக்குப் போடுகிற எக்செல் பட்ஜெட்.

"வெப்சைட் செய்யணும்னுதானேப்பா நான் பி.சி.ஏ. படிச்சேன்?" என்றாள் அக்கா ஆன்மேரி.

"எக்செல் தெரிஞ்சா எஸ்டேட் ஆபீஸ்லயே வேலை. ஜாவாஸ்கிரிப்ட் படிச்சவன் எவனாவது இந்தச் சின்னக்கானல்ல இருக்கானா? எக்செல்னு பேர் குடுத்தாச்சு. பேச்சு முடிஞ்சுது."

அம்மா மெதுவாக, "பிள்ளை ஆசையையும் கேளுங்களேன்..." என்றாள்.

"நீ சும்மா கெட. பவுல்ராஜ் ஒண்ணு சொன்னா சொன்னதுதான்!"

அக்கா சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டாள். அவள் மாதிரியே மூக்கை உறிஞ்சிக் காட்டினேன். "போடா கொரங்கு" என்றுகூடத் திட்டவில்லை. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

வகுப்பை மாற்றிக்கொள்ள மறுநாள்தான் கடைசி நாள். அன்று சாயங்காலம் அப்பா வீடு திரும்பிக் குளிக்கப் போனதும் அவர் போனை எடுத்தேன்.

சர்ச் பாதர், ஜீப் ஓட்டுகிற தங்கதுரை அண்ணன், பக்கத்து வீட்டுச் சேவல், எல்லாக் குரலும் எனக்கு வரும். அப்பா குரலா கஷ்டம்? இரண்டு இருமல், ஒரு உறுமல். அவ்வளவுதான்.

"ஹலோ, பவுல்ராஜ் பேசுதேன். என் மக ஆன்மேரிக்கு எக்செல் வேண்டாம். ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு மாத்திருங்க."

அந்தப் பக்கம் சென்டர் சிஞ்சு டீச்சர், மலையாளி. சிரித்தார்.

"என்ன சேட்டா, மறந்துபோயோ? காலைல முதல் பஸ்ஸுக்கே வந்து மாத்திட்டுத்தானே போனீங்க?"

இருமலும் வரவில்லை, உறுமலும் வரவில்லை.

"நா... நானா?"

"பின்னே? 'ராத்திரி அவ்வளவு கத்திட்டேன், இப்ப எந்த முகத்தோட மாத்திச் சொல்லுவேன்? சென்டர்லயே தவறிப்போய் மாத்திட்டதா சொல்லிடுங்க டீச்சர்'னு கெஞ்சினீங்களே!"

குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றுவிட்டது. அவசரமாக மறுபடி அப்பா குரலுக்கு மாறிக் கேட்டேன்.

"டீச்சர், வேற ஏதாச்சும் சொன்னேனா?"



"'இதைப் படிச்சா மோள் தூரமாப் போயிடுவா. அதுக்கப்புறம் வீட்ல நான் யாரைத் திட்டுவேன்'னு சொல்லித்தானே சேட்டா, கண்ணைத் துடைச்சுட்டே போனீங்க."