எண்ணெயில் உள்ள நெய்

இணையத்தில் கடை திறந்து மூன்று மாதமாகியும் செண்பகவடிவின் மரச்செக்கு நல்லெண்ணெய் ஒரு பாட்டில்கூட விற்கவில்லை. இம்மாதமும் விற்காவிட்டால் செக்கை நிறுத்துவதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை. விளம்பர ஆலோசனை சொல்ல வந்த ரியாஸ் அவளது பக்கத்தைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டான்.

“அக்கா, சனங்க ‘எண்ணை’ன்னுதான் தேடுறாங்க. நீங்க மட்டும் ‘எண்ணெய்’னு போட்டா கடை எப்படிக் கண்ணுல படும்? மாத்திருங்க.”

“எழுத்துல கலப்படம் பண்றவ எண்ணெய்ல பண்ணமாட்டாள்னு யாரு நம்புவா?”

“நீங்க தமிழ் டீச்சராப் போயிருக்கணும்” என்று அவன் சிரித்தான்.

அவள் மாற்றவில்லை. மறுநாள் அவள் பக்கத்திலிருந்த எண்ணெய் விளம்பரப் பதிவின்கீழ் முதன்முறையாக ஒருவர் எழுதியிருந்தார்: “முதல் வரியிலேயே பிழை. எண்ணை என்று திருத்துங்கள்.”

செண்பகவடிவு நிதானமாகப் பதிலெழுதினாள்: “எள்ளின் நெய் எண்ணெய். நீங்கள் சொல்லும் எண்ணையில் நெய் இல்லை ஐயா.”

மாலைக்குள் அப்பதிலை நானூறு பேர் பகிர்ந்துவிட்டார்கள். ரியாஸ் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

“போனை எடுக்காம என்னக்கா பண்றீங்க? ஆர்டர் கொட்டுது!”

“கொட்டட்டும் தம்பி” என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “‘ஐயா’வுக்கு முன்னாடி ஒரு காற்புள்ளி விட்டுப்போச்சு. போட்டுட்டு வாரேன்.”