ஐந்தாம் பாகத்தில் இருமல்

பறக்கும் குதிரைகளின் ராஜ்ஜியத்தைப் பற்றிய அந்த ஐந்து பாக நாவல் சினிமாவாக வந்தபோது, யாரும் போய்ப் பார்ப்பதில்லை என்று அதைப் படித்திருந்த நாங்கள் டீக்கடையில் சத்தியம் செய்திருந்தோம். தனக்கோடி மட்டும் போய்விட்டார். மறுநாள் ஐந்தாம் பாகத்தை மடியில் வைத்துக்கொண்டு கடைக்குள் உட்கார்ந்திருந்தார்.

“என்னய்யா, குதிரை உதைச்சிருச்சா?” என்றேன்.

“அந்த ராணிய எப்பவும் எம் பொண்டாட்டி கோமளம் மூஞ்சியோடதான்யா படிப்பேன். அவ செத்தப்புறம் அவளப் பாக்கறதே அங்கதான். இப்பத் திறந்தா அந்த நடிகை உக்காந்திருக்கா. எந்திரிம்மான்னேன். ஒப்பந்தம் போட்டாச்சுங்கறா.”

“எல்லாப் பாகத்துலயுமா?”

“நாலுலயும் பாத்துட்டேன். இத இன்னும் திறக்கல. இதுலயும் கோமளம் இல்லேன்னா எங்கய்யா போவேன்?”

நான் குனிந்து அட்டையில் காதை வைத்தேன். நம்பினால் நம்புங்கள், உள்ளே யாரோ இருமினார்கள். கோமளத்துக்கு ஆஸ்துமா உண்டு. சினிமா ராணிகள் இருமுவதில்லை.

“உள்ளதான் இருக்காங்க. திறங்கய்யா!” என்றேன்.

தனக்கோடி இரண்டு கைகளாலும் அட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“வேண்டாம்யா. வாடைக்காத்து அவளுக்கு ஆகாது.”

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.