போயிட்டு வரேன்

கார்கிலில் இறந்துபோன என் கொழுந்தன் தயாளனின் பெயர், புனேயில் ஒரு சதுக்கத்தில் உள்ள போர் நினைவுக் கல்லில் இருக்கிறது. 2001இல், கல்யாணமான புதிதில், அவன் அம்மா, என் அத்தை, என்னை அங்கே கூட்டிப்போனார். பூ வைத்துவிட்டுத் திரும்பும்போது பழக்கதோஷத்தில் கல்லைப் பார்த்து, "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டேன்.

அத்தை என் கையைப் பிடித்து இழுத்தார். "செத்தவங்ககிட்ட அப்படிச் சொல்லக்கூடாதுன்னு உங்க வீட்ல சொல்லித் தரலியா?"

பஸ் பிடித்து கட்கியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தோம். பூட்டிய கதவுக்கு முன்னால் ஒரு ஜோடி ராணுவ பூட்ஸ் இருந்தது. உள்ளே திணித்திருந்த காலுறைகள் ஈரமாக இருந்தன.

"யாரோ மறந்து வச்சிட்டுப் போயிருக்காங்க அத்தை" என்றேன். அவர் பூட்டைத் திறந்தார். உள்ளே போய் தயாளன் போட்டோவிலிருந்த மாலையைக் கழற்றினார்.

அடுத்த ஞாயிறு என் கணவருக்கு ஃபேக்டரியில் டூட்டி. நாங்கள் இருவர்தான் போனோம். அத்தை பூ வாங்கவில்லை. நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி, "போயிட்டு வரேன்டா தயாளா" என்றார்.

வீட்டுக்கு வந்தோம். நாங்கள் போட்டுவிட்டுப் போன பூட்டு ஜன்னல் விளிம்பில் திறந்து கிடந்தது. அதன் ஒரே சாவி அத்தையின் இடுப்பில் இருந்தது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

அத்தை தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு கதவைத் தட்டினார்.