கடைசி நாக்குப்பூச்சி

வயிற்றிலிருந்த நாக்குப்பூச்சி கணையக் குழாய்க்குள் நுழைந்து, கணையம் வீங்கி, அல்போன்சாவின் மகள் காலையிலிருந்து துடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பூச்சியினமோ அழியும் தறுவாயில் இருந்தது. வனத்துறை அனுமதியில்லாமல் டாக்டரே கைவைக்க முடியாது.

சாயங்காலம் ஆடி அசைந்து வந்த வனத்துறை அதிகாரி, "மயக்க மருந்து பூச்சிக்கு ஒத்துக்குமா?" என்று கேட்டார்.

"புள்ளைக்கு ஒத்துக்குமான்னு கேளுங்க சார்!" என்று கத்தினாள் அல்போன்சா.

ஒருவழியாகப் பூச்சியை உயிரோடு உருவி ஜாடியில் விட்டார்கள். மகள் வலி தணிந்து கண்ணயர்ந்தாள். அதிகாரி ஜாடியை அணைத்தபடி அல்போன்சாவிடம் வந்தார்.

"இதுல ரொம்ப நேரம் தாங்காதும்மா. மனுசக் குடல்லதான் பொழைக்கும். உங்களுக்கு இன்னொரு புள்ள இருக்குல்ல?"

அல்போன்சா ஜாடியைப் பிடுங்கி மூடியைத் திருகினாள்.

"வாயத் தொறங்க, சார்."