கான்பராவின் இரண்டாவது இருக்கை

பிற்பகல் வெயில் கோட்டுச்சேரி வீட்டின் ஜன்னல் கம்பிகளின் நிழலைச் சாப்பாட்டு மேசைமேல் சாய்த்துப் போட்டிருக்கிறது. கடல்காற்று தூசியைக் கொண்டுவந்துவிடும் என்று சுப்ராயன் கதவைச் சாத்தியிருக்கிறான், மின்விசிறியும் ஓடவில்லை. அவன் முன்னால் கான்பரா போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாதிரி, வயிறு கீறிய கருவாடு போல இரண்டு பாதியாகக் கிடக்கிறது. எழுபத்தொன்றாம் வருஷப் போரில் இந்த விமானத்தில் பைலட்டுக்கு வழி சொல்லும் நேவிகேட்டராகப் போன அவன் அப்பா திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. குதித்துத் தப்பி எங்கோ இருக்கிறார் என்று அம்மா செல்லம் இன்னும் பொட்டு வைத்துக்கொள்கிறாள். விளிம்பில் பசை தடவியாகிவிட்டது. உடனே மூட வேண்டும். செல்லம் அவன் மணிக்கட்டைப் பிடிக்கிறாள்.

“இருடா. பைலட் சீட்டு மேல மஞ்சளா என்னமோ இருக்கே?”

“அதை இழுத்தா ஆளை சீட்டோட வெளிய தூக்கி எறிஞ்சிடும்மா.”

“உங்கப்பா சீட்டுல காணோமே. ஒட்ட மறந்துட்டியா?”

பசையின் பளபளப்பு குறைந்துகொண்டே வருகிறது. அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“அந்த சீட்டுக்கு அது கிடையாதும்மா. எழுந்து போயி, கதவைத் தொறந்துதான் குதிக்கணும்.”

செல்லம் குனிகிறாள். சுண்டுவிரல் நகத்தை இருக்கைக்கும் கதவுக்கும் நடுவில் வைத்துப் பார்க்கிறாள். வியர்வைச் சொட்டு ஒன்று அவள் மோவாயில் விழாமல் நிற்கிறது.

“கிட்டத்தான்டா இருக்கு,” என்கிறாள். “ம், மூடு.”