சுவருக்கு முன் பதினெட்டுப் பேர்

டாவோஸில் ஒரு சீன உணவகத்தில் கோப்பை கழுவும் லூக்காஸ், காலையில் முதலாளி சுவரில் மாட்டிய பழைய படத்தைத் துடைத்து, அதிலிருப்பவர்களை எண்ணாமல் குசினிக்குள் போகமாட்டார். படத்தில் இருப்பது ஷாங்காயில் முதலாளியின் ஊர்க்காரர்கள் கட்டிய சங்க மண்டபம். அங்கே இறந்தவர்களின் சவப்பெட்டிகள், ஊருக்குக் கப்பலேறும்வரை காத்திருக்குமாம். அந்தக் காலத்தில் அப்பகுதியை ஆண்ட பிரெஞ்சுக்காரர் ரோட்டுப் போடுவதற்காக அதன் சுவரை உடைக்க வந்தபோது மறித்து நின்றவர்கள்தான், படத்தில் துணிச் சப்பாத்துப் போட்டு நிற்கும் பதினெட்டுப் பேரும்.

தொண்ணூற்றைந்து மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை, உணவகத்தின் பின்சுவரை இடிக்க ஆட்கள் வந்தார்கள். கட்டடத்தை வாங்கியவருக்குக் கார் விட வழி வேண்டுமாம். சுவர் போனால் குசினி போகும். குசினி போனால் லூக்காஸின் வேலையும் அதை நம்பிய விசாவும் போகும்.

அன்று படத்தில் மண்டபமும் சுவரும் மட்டுமே இருந்தன.

"நிரஞ்சினி, இதிலை நிண்ட ஆக்கள் எங்கை?"

மரக்கறி வெட்டும் நிரஞ்சினி யன்னலால் எட்டிப் பார்த்தாள். "அதை விடுங்கோ அண்ணை. இடிக்க வந்தவங்கள் சாமானையும் போட்டிட்டு ஓடுறாங்கள்."

லூக்காஸ் பின்கதவைத் திறந்தார். சுவரோரம் புதுப்பனியில், தோளோடு தோள் நிற்பதுபோல் பதினெட்டுச் சோடித் துணிச் சப்பாத்துத் தடங்கள். வந்த தடமும் இல்லை, போன தடமும் இல்லை.

அவர் எண்ணி முடித்ததும், கடைசிச் சோடி ஓரடி தள்ளிப் பதிந்தது. அதற்கும் பக்கத்துச் சோடிக்கும் நடுவில் ஒருவர் நிற்க இடம் இருந்தது.